குதிரையின் கண்ணுக்கு நாளை என்பது இல்லை
(குதிரை வளர்ப்போர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே வந்து இறங்கிய குதிரைகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அரபுக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்தன. பொன்னைக் கொட்டிக் கொடுத்து வாங்கினார்கள். வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போயின. பராமரிக்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். இன்னொன்றும் சொல்கிறார். குதிரை வைத்தியர்கள் இந்தப் பக்கம் வந்துவிடாமல் வணிகர்களே தடுத்தார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம் நடக்கும்? பயணியின் பேச்சில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அந்த அறிவை நமக்குக் கிடைக்கவிடாமல் செய்தவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு அப்படி யாரும் இல்லை. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1903-இல். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கல்லூரிகள் பெருகியிருக்கின்றன. கேட்டுப் பெற வேண்டியது நம் பொறுப்பு.

அந்த அறிவில் இன்று கண்ணைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று நானே இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் இருக்கிறது. குதிரை நொண்டினால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும், தொழில் நின்றுவிடும். வயிற்றுவலி வந்து தரையில் விழுந்து புரண்டால் நள்ளிரவிலும் மருத்துவரை எழுப்பிவிடுவீர்கள். கண்ணில் நீர் வடிந்தால் மட்டும், "தூசி விழுந்திருக்கும், நாளைக்குச் சரியாகிடும்" என்று விட்டுவிடுகிறோம். குதிரையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டே கொள்ளு தின்னும், வண்டி இழுக்கும். வலியை வெளியே காட்டாமல் இருப்பது இரையாகும் பிராணிகளின் இயல்பு. அந்த ஒரு நாள் தாமதத்தில் போன கண்கள் எத்தனையோ.

தரையில் வாழும் பாலூட்டிகளிலேயே மிகப் பெரிய கண்களைக் கொண்டவற்றுள் குதிரையும் ஒன்று. நம் கண்ணின் முன்பின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். குதிரைக்கு 40-க்கும் மேல். இரண்டு கண்ணும் தலையின் பக்கவாட்டில், வெளியே துருத்திக்கொண்டு இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 350 டிகிரி வரை பார்க்கிறது. புல்வெளியில் புலிக்குத் தப்ப வேண்டிய பிராணிக்கு அது வரம். சீமைக்கருவேல முள்ளும், லாயத்துக் கதவின் ஆணியும், சோளத்தட்டையின் கூர்நுனியும் இருக்கிற இடத்தில் அதுவே ஆபத்து. இவ்வளவு பெரிய கண்ணின் முன்னால் கண்ணாடி போல நிற்கும் கருவிழிப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

முதலில், எப்படிப் பார்ப்பது? குதிரையை வெயிலில் நிறுத்திக் கண்ணைப் பார்க்காதீர்கள். நிழலுக்கு, முடிந்தால் இருட்டான லாயத்துக்குள் கொண்டுபோங்கள். தொடுவதற்கு முன் நேர் எதிரே சற்றுத் தள்ளி நின்று இரண்டு கண்ணிமை முடிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வலியில்லாத குதிரைக்கு மேலிமை முடிகள் கிட்டத்தட்ட நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வலிக்கிற கண்ணில் அவை கீழ்நோக்கித் தொங்கும். கண் திறந்திருந்தாலும்கூட, முடி தொங்கினால் வலி இருக்கிறது என்று பொருள். பல நேரம் முதலில் தெரியும் அறிகுறி இதுதான். இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம்.

பிறகு கன்னத்தைப் பாருங்கள். கண்ணீர் வழிந்த தடம் இருக்கிறதா? தெளிந்த நீரா, கட்டியான பீளையா? அடுத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். கருவிழி நிர்மலமாக இருக்க வேண்டும். நீலம் பாய்ந்தாலும், பால் விட்டது போல வெளுத்தாலும், சிவப்பு நரம்பு ஓடினாலும் கோளாறுதான். குதிரையின் கண் பாப்பா குறுக்குவாட்டில் நீள்வட்டமாக இருக்கும். அதன் மேல் விளிம்பில் கறுப்பாக, பஞ்சு ஒட்டியது போல முடிச்சு முடிச்சாகத் தொங்குவதைப் பார்த்து, "கண்ணுக்குள்ள கட்டி வந்திருக்கு" என்று பதறி ஓடி வருகிறவர்கள் உண்டு. அது இயற்கையான உறுப்பு. எல்லாக் குதிரைக்கும் இருக்கும். பயப்பட வேண்டாம். ஒரு கண்ணின் பாப்பா சுருங்கி, மற்றொன்று விரிந்திருந்தால் பயப்படுங்கள். வீக்கத்தால் இமை இறுக மூடியிருந்தால் விரலால் பிளக்க முயலாதீர்கள். குதிரையின் இமைத் தசைக்குப் பலம் அதிகம். உள்ளே ஆழமான புண் இருந்தால் அந்த அழுத்தத்திலேயே கண் உடைந்துவிடும். கால்நடை மருத்துவர்களான நாங்கள்கூட இமையை இயக்கும் நரம்புக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுத்தான் திறந்து பார்க்கிறோம்.

இனி நோய்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. நம் ஊரில் கண்ணைப் பறிக்கிற மூன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, கருவிழிப் புண். முள் கீறல், சாட்டை நுனி, கடற்கரை மணல், வைக்கோல் துரும்பு என்று எதுவும் போதும். கீறல் கண்ணுக்குத் தெரியாது. மருத்துவர் ஃப்ளோரசீன் என்ற ஆரஞ்சுச் சாயத்தைக் கண்ணில் விடுவார். மேல்தோல் பெயர்ந்த இடம் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். இன்னொரு பயனும் உண்டு. கண்ணீர்க் குழாய் அடைபடாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் அதே சாயம் மூக்குத் துவாரத்தின் வழியே வடியும். புண்ணைச் சுற்றிப் பச்சை பிடித்து, நடுவில் மட்டும் சாயம் ஒட்டாமல் தெளிவாக இருந்தால் மருத்துவருக்குக் கவலை வந்துவிடும். படலம் முழுவதும் கரைந்து, கடைசியாக ஒரு மெல்லிய சவ்வு மட்டும் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சவ்வு சாயத்தைப் பிடிக்காது.

குதிரையின் புண் ஏன் இவ்வளவு வேகமாக ஆழமாகிறது? பாக்டீரியாவும், புண்ணுக்கு ஓடிவரும் வெள்ளணுக்களும் சுரக்கும் நொதிகள் கண்ணீரில் கலந்து படலத்தையே கரைக்கின்றன. காலையில் சின்னக் கீறலாக இருந்தது, மறுநாள் கூழாகி வழிவதும் உண்டு. இதற்குக் கைகண்ட மருந்துகளில் ஒன்று அந்தக் குதிரையின் சொந்த இரத்தத்திலேயே இருக்கிறது. கழுத்து இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்து, உறைய வைத்து, மேலே தெளியும் சீரத்தைச் சுத்தமாகப் பிரித்து, குளிர்பெட்டியில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். கரைக்கும் நொதிகளைத் தடுக்கும் பொருள்கள் அதில் இயற்கையாகவே உள்ளன. மோசமான புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக், சீரம் இரண்டையும் ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் விட வேண்டியிருக்கும். வலியில் துடிக்கும் குதிரையின் தலையைப் பிடித்து அத்தனை தடவை யாரால் விட முடியும்? அதற்காக மேலிமையின் வழியே மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, பிடரி மயிரோடு சேர்த்துப் பின்னிக் கட்டிவிடுவார்கள். நீங்கள் குதிரையின் தோளருகே நின்றுகொண்டு ஊசியில்லாத சிரிஞ்சால் மருந்தைச் செலுத்தி, பின்னாலேயே கொஞ்சம் காற்றை மெதுவாகத் தள்ளினால் போதும். மருந்து கண்ணில் போய் விழும். குதிரைக்குக் கை வருவதே தெரியாது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டு அலமாரியில் மீந்துபோன சொட்டு மருந்தைக் குதிரைக்கு விடாதீர்கள். மனிதர்களுக்கு எழுதித் தரும் கண் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று புட்டியின் மேல் எழுதியிருக்கும். அதை விட்டதும் சிவப்பு குறையும், குதிரை கண்ணைத் திறக்கும், நமக்கும் நிம்மதி. உள்ளே புண் இருந்தால் அந்த ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பைக் கட்டிப்போட்டு, கிருமிக்கும் பூஞ்சைக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. சாயம் விட்டுப் பார்த்து, புண் இல்லை என்று உறுதியான பிறகே ஸ்டீராய்டு. இதில் விதிவிலக்கே கிடையாது. புகையிலையை மென்று துப்புவது, உப்புத் தூள் ஊதுவது, இலைச்சாறு பிழிவது, இவையும் வேண்டாம். நம் முன்னோர் கைவசம் வேறு எதுவும் இல்லாத காலத்தில் செய்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. இன்றும் நாம் அதைச் செய்தால் அது நம் குற்றம்.

பூஞ்சை என்றேன். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நம் கரையோர ஊர்களுக்கு இது தனிச் சாபம். ஆஸ்பர்ஜிலஸ், ஃப்யூசேரியம் போன்ற பூஞ்சைகள் வைக்கோலிலும் மண்ணிலும் எங்கும் இருப்பவை. செடி கொடி கீறிய புண்ணில் அவை எளிதாகக் குடியேறும். ஆன்டிபயாட்டிக் விட்டும் நாலைந்து நாளில் தேறாமல், புண்ணில் வெண்மஞ்சளாகத் தடித்த படிவு தெரிந்தால் மருத்துவர் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். நேட்டமைசின் போன்ற பூஞ்சை மருந்தை வாரக்கணக்கில் விட வேண்டும். செலவும் பிடிக்கும், பொறுமையும் பிடிக்கும். பாதியில் நிறுத்திவிட்டால் அதுவரை செய்ததெல்லாம் வீண்.

இரண்டாவது, கண்ணுக்குள் புழு. இதை நம்மூர்க் குதிரைக்காரர்கள் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். குதிரையின் கண்ணில் வெள்ளை நூல் ஒன்று நெளிந்து நெளிந்து நீந்தும். பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். இதன் பெயர் செட்டேரியா டிஜிட்டேட்டா. இது குதிரைக்குரிய புழுவே அல்ல, மாட்டுக்குரியது. மாட்டின் வயிற்றுக் குழியில், குடலுக்கு வெளியே வாழும். மாட்டுக்குப் பெரிதாகத் தொல்லை தராது. அதன் நுண்குஞ்சுகள் மாட்டு இரத்தத்தில் திரியும். கொசு கடித்து உறிஞ்சும்போது கொசுவுக்குள் போய் வளர்ந்து, அடுத்த கடியில் வேறொரு பிராணிக்குள் நுழையும். மாட்டுக்குள் நுழைந்தால் தன் வீட்டைச் சேர்ந்துவிடும். குதிரை, ஆடு போன்றவற்றுக்குள் நுழைந்தால் வழி தவறி அலையும். தண்டுவடத்துக்குள் போனால் பின்னங்கால்கள் விழுந்துவிடும். இலங்கையில் ஆடுகளுக்கு இந்தப் புழுவால் வரும் வாதத்தை ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணுக்குள் போனால், கருவிழிக்கும் பாப்பாவுக்கும் இடையிலுள்ள நீரில் நீந்தத் தொடங்கும்.

புழு நெளிய நெளியக் கண்ணீர் வடியும், வெளிச்சம் கூசும், கருவிழி மெல்ல நீலம் பாய்ந்து கடைசியில் வெண்மையாகும். வெளுத்த பிறகு வந்தீர்களானால் உள்ளே புழு இருப்பதே தெரியாது. எடுப்பதும் கடினம். தெளிவாக இருக்கும்போதே வந்தால் காரியம் எளிது. மயக்க மருந்து கொடுத்து, கண்ணை மரத்துப்போகச் செய்து, கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் ஓரத்தில் நுண்கத்தியாலோ பருத்த ஊசியாலோ ஒரு சிறு துளை. உள்ளிருக்கும் நீர் பீறிடும்போது புழுவும் கூடவே வெளியே வந்து விழும். சில சமயம் நுனி மட்டும் எட்டிப்பார்க்கும். இடுக்கியால் பிடித்து இழுக்க வேண்டும். மேசை மேல் போட்டால் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு அது இன்னும் நெளிந்துகொண்டிருக்கும். துளை தானாக மூடிக்கொள்ளும். சில வாரங்களில் நீலம் வடிந்து பார்வை திரும்பும்.

"பூச்சி மாத்திரை கொடுத்தா செத்துடாதா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். கண்ணுக்குள்ளேயே புழு செத்தால் அந்தச் சடலம் அழற்சியை இன்னும் கூட்டும். உயிரோடு வெளியே எடுப்பதே சரி. மீண்டும் வராமல் தடுக்க வேண்டுமானால் கொசுவைப் பாருங்கள். மாட்டுக் கொட்டகையும் குதிரை லாயமும் ஒட்டியிருந்தால், மாட்டிலிருந்து குதிரைக்குக் கொசு போக இரண்டே அடி. லாயத்தைச் சற்றுத் தள்ளி அமையுங்கள், சாணிக் குழித் தண்ணீரைத் தேங்கவிடாதீர்கள், மாலையில் வலை கட்டுங்கள். வேப்பிலை மூட்டம் போடுவது வழக்கம்தான். ஆனால் மூடிய லாயத்துக்குள் அடர்ந்த புகை கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும்.

மூன்றாவது, கண்ணின் உள்ளழற்சி. உலகெங்கும் குதிரைகள் குருடாவதற்கு முதன்மையான காரணம் இதுதான். வரும், சில நாட்கள் இருக்கும், போய்விடும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி வரும். ஐரோப்பாவில் பழங்காலத்தார் நிலவின் வளர்பிறை தேய்பிறையோடு இதை முடிச்சுப் போட்டார்கள். இன்று நமக்குத் தெரிந்த காரணங்களில் முக்கியமானது லெப்டோஸ்பைரா கிருமி. ஆம், நமக்கு எலிக்காய்ச்சல் தருகிற அதே கிருமிக் குடும்பம். எலியின் சிறுநீர் கலந்த மழைத் தண்ணீரைக் குதிரை குடிக்கிறது. லேசாகக் காய்ச்சல் அடித்து விட்டுவிடும், நாமும் மறந்துவிடுவோம். மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்துக்கூடக் கண்ணில் தலைகாட்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் கண்ணைத் தாக்கத் தொடங்கும். சில இனங்களுக்குப் பரம்பரையாகவே இந்தச் சாய்வு உண்டு. புள்ளி போட்ட அமெரிக்க அப்பலூசா இனம் அதற்குப் பேர்போனது.

வந்தால் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கும், கண் கூசும், உள்ளே மஞ்சள் கலங்கல் தெரியும். இதற்குத்தான் ஸ்டீராய்டு வேண்டும். புண்ணுக்கு விஷமாகும் அதே மருந்து இங்கே கண்ணைக் காக்கிறது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும் என்பதால்தான் நீங்களாக முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். பாப்பாவை விரித்து வைக்க அட்ரோபின் விடுவார்கள். அது குடலின் அசைவையும் மந்தமாக்கும். ஆகவே அட்ரோபின் விடும் நாட்களில் சாணம் வழக்கம் போல விழுகிறதா என்று கவனியுங்கள். விழவில்லையென்றால் உடனே சொல்லுங்கள், அது வயிற்றுவலியில் போய் முடியலாம்.

இமை கிழிந்த காயம், மூன்றாம் இமையில் வரும் புற்று, ஈயால் வரும் வெயில்காலப் புண் இவற்றை இங்கே விரித்துப் பேச நேரமில்லை. ஒன்று மட்டும். இமை கிழிந்து துண்டு தொங்கினால் அதை வெட்டி எறியச் சொல்லாதீர்கள். இமைக்கு இரத்த ஓட்டம் அதிகம். காய்ந்த துண்டு போலத் தெரிவதுகூடத் தைத்தால் ஒட்டிக்கொள்ளும். வெட்டிவிட்டால் விழியை மூட ஆளில்லாமல் ஆயுள் முழுக்கப் புண்தான்.

மருத்துவர் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குதிரையை நிழலில் கட்டுங்கள். அது கண்ணைத் தூணில் தேய்த்துக்கொள்ளாதபடி பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். வண்டிக் குதிரையானால் கண்ணோரம் கட்டும் தோல் மறைப்பை அவிழ்த்துவிடுங்கள். தூசியோ மணலோ என்றால் மருந்துக்கடை சலைனை உடைத்து மெல்ல ஊற்றிக் கழுவலாம். முள் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அது ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், பிடுங்கினால் கண்ணுக்குள் இருக்கும் நீர் வழிந்துவிடும். உயரத்தில் தொங்கும் தொட்டியில் தீவனம் வைக்காதீர்கள், துரும்பு நேரே கண்ணில் விழும். அன்றைக்கு வேலை வாங்காதீர்கள்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கத்தியவார், மார்வார் இனக் குதிரைகள் நிற்கும் வரிசையில், நெற்றியிலும் நெஞ்சிலும் சுழி பார்க்க அரை மணி நேரம் செலவழிக்கிறோம். அதன் நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை. ஆனால் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறவர் எத்தனை பேர்? உள்ளழற்சி ஓய்ந்திருக்கும் இடைவெளியில் குதிரை நன்றாகவே தெரியும். தடயம் உள்ளே இருக்கும். பாப்பாவின் விளிம்பு ஒழுங்கில்லாமல் எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா, அதற்குப் பின்னால் வெள்ளைப் புகை தெரிகிறதா, ஒரு கண் மற்றதைவிடச் சிறுத்திருக்கிறதா என்று பாருங்கள். காதுகளை ஓயாமல் திருப்பிக்கொண்டே, தலையை ஒரு பக்கம் சாய்த்து நடக்கும் குதிரையைச் சந்தேகப்படுங்கள். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குக் கூட்டிப்போய், தரையில் ஒரு கட்டையைப் போட்டுத் தாண்டவிட்டுப் பாருங்கள்.

பார்வை போய்விட்ட குதிரை வைத்திருப்பவர்களும் இந்த அரங்கில் இருக்கலாம். அதை அடிமாட்டுச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். ஒரு கண் போன குதிரை பெரும்பாலும் வேலைக்குப் பழகிவிடும். இரண்டும் போனாலும், அதே லாயம், அதே தண்ணீர்த் தொட்டி, அருகே ஒரு துணைக் குதிரை என்று அமைத்துக் கொடுத்தால் நிம்மதியாக வாழும். கிட்டே போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போங்கள். குருடாகியும் வலி ஓயாத கண்ணை மட்டும் எடுத்துவிடுவது அதற்குச் செய்யும் உதவி. மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனால் வலி நின்றதும் அது தீவனம் எடுக்கிற வேகத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

நண்பர்களே, இன்று இரவு தீவனம் வைக்கும்போது டார்ச்சை எடுத்து உங்கள் குதிரையின் இரண்டு கண்களையும் ஒருமுறை பாருங்கள். நோயில்லாத கண் எப்படி இருக்கும் என்று மனதில் பதியட்டும். என்றைக்காவது ஒரு கண் மூடியிருந்தால், இமை முடி தொங்கினால், நீலம் பாய்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். யாரையும் தெரியாது என்றால் தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான இலவச எண் 1962. செல்போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.